மலையில் பாம்பு வளர்க்கிறீர்களா, வயிற்றைத் திருப்பிப் பாருங்கள்

கோத்தகிரியில் பால் பைத்தான் (ball python, பந்துபோலச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன் என்றதும் எல்லாரும் கேட்பது "கடிக்காதா?" என்றுதான். அடுத்த கேள்வி, "இந்தக் குளிர் அதுக்குத் தாங்குமா?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம், பயந்தால் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் சாது அது. இரண்டாவது கேள்விதான் கேட்க வேண்டிய கேள்வி. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் புல்வெளிகளில், எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலைக் கழிக்கிற பாம்பைக் கொண்டுவந்து கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்தில் வைத்திருக்கிறோம். அதற்கு வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் ஒரு பெட்டிக்குள் நாம்தான் உண்டாக்கித் தர வேண்டும். அதில் எங்காவது கோளாறு வந்தால் மீட்டர் காட்டாததையும் பாம்பின் தோல் காட்டிவிடும். அதனால்தான் வாரம் ஒருமுறை எங்கள் பொம்மியை மடியில் போட்டுத் தலையிலிருந்து வால்வரை பார்த்துவிடுவேன். அதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டு மலையிலிருந்தும் கீழேயிருந்தும் நிறையப் பேர் செய்தி அனுப்புகிறார்கள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நான் பேசுவது வெளிநாட்டுப் பாம்பைப் பற்றி, அதுவும் முறையாகப் பதிவு செய்த பாம்பைப் பற்றி. தேயிலைத் தோட்டத்தில் பிடிபட்ட சாரை, நாகம், மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைக்கக் கூடாது, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பால் பைத்தான் சைட்டிஸ் ஒப்பந்தத்தின், அதாவது அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் எதுவும் இல்லை, விலை குறைவு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், காட்டில் பிடித்து மூட்டையில் கடத்தி வந்த பாம்பின் செதிலுக்கு அடியில் என்னென்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, மலைக்கு வருவோம். இங்கே பாம்பு வளர்க்கிறவர்களில் பாதிப் பேர் "எங்க ஊர்ல எப்பவும் மூடுபனி, ஈரத்துக்கு என்ன குறைச்சல்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சிக்கல். 12 டிகிரியில் ஈரம் முழுக்க ஏறிய மூடுபனிக் காற்று ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது என்று வையுங்கள். அதே காற்று பெட்டிக்குள் போய் 30 டிகிரிக்குச் சூடானால், ஒரு சொட்டு நீரும் குறையாமலேயே அதன் ஈரப்பதம் நூறிலிருந்து முப்பத்து மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால், இருக்கிற ஈரம் அதற்குப் போதாமல் போகிறது. பால் பைத்தானுக்கு வேண்டியது அறுபது சதவீதம், சட்டை உரிக்கும் சமயத்தில் எழுபது வரை. ஆக வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி, உள்ளே பாம்புக்குத் தோல் வறண்டுபோகிற காற்று.

இதோடு விட்டதா என்றால் இல்லை. அதே பெட்டியின் குளிர்ந்த பக்கத்துச் சுவர் வெளிக்காற்றால் சில்லிட்டுப் போயிருக்கும். தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து எழும் ஆவி அந்தச் சுவரில் படிந்து, வழிந்து, அடியில் போட்டிருக்கிற தேங்காய் நார்த்தூளில் இறங்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், ஒரு விரல் ஆழம் தோண்டினால் சொதசொதவென்று இருக்கும். பாம்பு அதன்மேல்தான் வயிற்றை வைத்துப் படுத்திருக்கிறது. முதுகுத் தோல் வறட்சியில் கிழிய, வயிற்றுத் தோல் ஈரத்தில் ஊறுகிறது, இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே வாரத்தில். சமவெளியில் எழுதுகிற குறிப்புகளில் இதைப் படித்திருக்க மாட்டீர்கள். சென்னையில் ஏதாவது ஒன்றுதான் தொல்லை கொடுக்கும், இங்கே இரண்டும் சேர்ந்து வரும். மலையில் பாம்பை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "பளபளன்னு இருக்கு" என்று திருப்தி அடைவதற்கு இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எப்போது பார்ப்பது? இரை கொடுத்து இரண்டு நாள் வரை தொடவே வேண்டாம், கையில் எடுத்தால் கக்கிவிடலாம். கண் நீலம் பாரித்து உடம்பு மங்கலாக இருக்கும்போதும் வேண்டாம், அது சட்டை உரிக்கத் தயாராகிற சமயம், அப்போது அதற்குப் பார்வை மங்கியிருக்கும், தோலும் இளகியிருக்கும். நான் இரை கொடுப்பதற்கு முந்தின நாள் பார்ப்பேன். பழைய வெள்ளை வேட்டி ஒன்று, போன் டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளை டிஷ்யூ, அவ்வளவுதான் வேண்டும். பகல் வெளிச்சம் நல்லது, ஆனால் ஆடி மாதத்தில் நமக்குப் பகல் வெளிச்சம் ஏது, வெள்ளை எல்ஈடி பல்பு போதும். மஞ்சள் பல்பு வேண்டாம், வயிற்றில் வரும் லேசான சிவப்பு அதில் தெரியாது. பாம்பைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வன எல்லாவற்றிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பாம்பை எடுப்பதற்கு முன் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள். எங்கள் வீட்டில் வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வைத்திருப்பதற்குக் காரணமே இதுதான். அடியில் கரும்புள்ளிகள் கிடக்கின்றனவா, மேலே ஏதாவது மிதக்கிறதா? பாம்பு நாள் முழுக்கக் கிண்ணத்துக்குள்ளேயே கிடக்கிறதா? சட்டை உரிக்கும் முன் கொஞ்ச நேரம் ஊறுவது உண்டு, பெட்டி அதிகமாகச் சூடானாலும் ஊறும், ஆனால் இந்த இரண்டும் இல்லாமல் தண்ணீரைவிட்டு வர மறுத்தால் முதலில் சிற்றுண்ணியைத்தான், செதிலுக்கு அடியில் ஒளிந்து இரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சியைத்தான், சந்தேகப்பட வேண்டும்.

பிறகு தலை. இங்கே நிதானமாக நேரம் செலவழிக்கலாம். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில். அதற்கும் சுற்றியிருக்கிற செதில்களுக்கும் நடுவே மெல்லிய ஒரு வரப்பு ஓடும். சிற்றுண்ணிகள் வந்து குடியேறும் முதல் இடங்களில் அதுவும் ஒன்று. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் வரப்பு தெளிவாகத் தெரியும். கண்ணைச் சுற்றி விளிம்பு உப்பியிருந்தாலோ, கறுப்பாக எதுவும் குத்திட்டு நின்றாலோ பூதக்கண்ணாடியை எடுங்கள். அடுத்து மேலுதட்டில் வரிசையாக இருக்கும் வெப்பக் குழிகள், இருட்டில் எலியின் உடற்சூட்டை உணர்வதற்கு உள்ளவை, அந்தக் குழிக்குள்ளும் நுழைந்து உட்காரும். அப்புறம் தாடையைக் கொஞ்சம் உயர்த்தி அடியில் நீளவாக்கில் ஓடும் பள்ளம். மூக்குத் துளையில் காய்ந்த சளி இருந்தால் அது தோல் விஷயமில்லை, நெஞ்சுச் சளி, குளிர் காலத்தில் இங்கே வருவதுதான், அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உடம்பைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் பார்ப்பது நல்லது. பாம்பை இழுக்காமல், அதுவாகவே இரண்டு கைக்கும் நடுவே ஊர்ந்து போகட்டும், விரல் நுனி மட்டும் செதில்மேல் படட்டும். நல்ல தோல் தடையில்லாமல் வழுக்கிப் போகும். ஏதாவது ஒரு செதில் தூக்கிக்கொண்டு நின்றால், அடியில் சின்ன முடிச்சு தட்டுப்பட்டால், பொருக்கு நெருடினால், அங்கே நிறுத்தி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பக்கவாட்டுத் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குப் போக வேண்டும், மடிப்பு அப்படியே நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும்போது அறை ஹீட்டரை இரவெல்லாம் ஓடவிடுகிற வீடுகளில் இது சகஜம்.

இப்போது வயிறு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பாம்பைத் தலைகீழாகத் திருப்பினால் அதற்குப் பிடிக்காது, உடம்பை முறுக்கிக்கொண்டு நேராக்கப் பார்க்கும். அதனால் வேட்டியின்மேல் விட்டு, உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கையால் கொஞ்சம் தூக்கி எதிரே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துவிடலாம், அல்லது அடி தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் விட்டுக் கீழிருந்து பார்க்கலாம். வயிற்றுச் செதில்கள் அகலமாக, ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிந்து இருக்கும். அந்த விளிம்புகளைப் பாருங்கள். ஈரத்தில் வரும் புண் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும், ஒரு செதிலின் ஓரம் மட்டும் பழுப்பாகும், அடுத்து இரண்டு மூன்று செதில், பிறகு தெளிந்த நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள். கொப்புளம் உடைந்தால் கிருமி உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், அதற்கும் மேலே போனால் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். சட்டை உரிக்கும் முன் பால் பைத்தானின் வயிறு லேசாக ரோஜா நிறமாவது இயல்பு, பயப்பட வேண்டாம், உரித்ததும் போய்விடும். உரித்த பிறகும் சிவப்பு நின்றால், அல்லது ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் அது வேறு.

ஒரே இடத்தில் திட்டு என்றதும் சூட்டுக்காயம் நினைவுக்கு வருகிறது. மலையில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். குளிர் தாங்காதே என்ற அக்கறையில் ஹீட் மேட்டை (பெட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டை அளவோடு நிறுத்தும் கருவி) இல்லாமல் நேராக பிளக்கில் செருகிவிடுகிறார்கள். காற்று குளிராக இருப்பதால் பாம்பு சூட்டைத் தேடி அதன்மேலேயே கிடக்கும், வயிறு வெந்துபோனாலும் அது நகராது. அதற்கு வாய்விட்டுக் கத்தவும் தெரியாது. நமக்குத் தெரிய வரும்போது செதில் தடித்து, வெளுத்து, விளிம்பில் நீர் கசிந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட் வாங்கப் பணமில்லை என்றால் பாம்பு வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள், கண்டிப்பாகவே சொல்கிறேன். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25-க்குக் குறையாமல், அளக்கும் முனை பாம்பு படுக்கிற இடத்தில். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் வென்னீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கம்பளியால் மூடலாம், காற்று போகக் கொஞ்சம் இடம் விட்டு. பாட்டில் நேராகத் தோலில் படக் கூடாது.

கழிவுத் துளையைச் சுற்றிப் பொருக்கு, அழுக்கு, கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வால் நுனிக்குப் போங்கள். உரிந்த சட்டை முழுவதும் வந்திருக்கும், வால் நுனியில் மட்டும் ஒரு வளையம் தங்கிவிடும். அடுத்த முறை அதன்மேல் இன்னொரு வளையம். அது இறுகி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனி கறுத்துக் காய்ந்து விழுந்த பாம்புகள் உண்டு.

அதனால் உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் லேசாக நனைத்து, கறுப்புத் துணிமேல் விரித்துப் பாருங்கள். எனக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். தலைப்பக்கம் இரண்டு வட்டக் கண்ணாடிகள், கண்ணிலிருந்து கழன்றவை, விரலில் ஒட்டி எடுத்தால் உள்ளங்கை ரேகை அதன் வழியே தெரியும். அந்த இரண்டும் சட்டையில் இருந்தால் கண் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்து, மற்றொரு இடத்தில் ஓட்டை இருந்தால் பாம்பின் கண்ணைப் போய்ப் பாருங்கள், மங்கலாகவோ சுருக்கம் விழுந்தோ இருக்கும். அதை நகத்தாலும் இடுக்கியாலும் பிடுங்கவே கூடாது. பழையதோடு சேர்ந்து புதிய செதிலும் வந்துவிட்டால் கண் போய்விடும். ஈரப் பாசி நிரப்பிய மூடிய டப்பாவில் ஒரு வாசல் வெட்டி, பெட்டியின் சூடான பக்கத்தில் வையுங்கள், பாம்பு தானாகவே உள்ளே போய்ப் படுக்கும். பெரும்பாலும் அடுத்த சட்டையோடு கண் தெளிந்துவிடும், இல்லையென்றால் மருத்துவர். பாசிக்காகச் சோலைக்குள் போய் மரத்தில் இருப்பதைச் சுரண்டி எடுக்காதீர்கள். அது இருக்க வேண்டிய இடம் சோலை, அதோடு அதில் என்ன பூச்சி இருக்கும் என்றும் தெரியாது. நர்சரியில் கிடைக்கிற காய்ந்த ஸ்பேக்னம் பாசி போதும்.

இப்போது சிற்றுண்ணி, பாம்பு வளர்ப்பவர்கள் பேச்சில் மைட்ஸ்.

குன்னூரில் ஒரு தம்பி கீழே ஒரு கடையில் குட்டி பால் பைத்தான் வாங்கி வந்திருந்தான். ஒரு நாள் போன். "அக்கா, ரெண்டு நாளா தண்ணிக் கிண்ணத்துலயே கெடக்குது. எலியும் திங்கல. செதில்ல பவுடர் கொட்டுன கணக்கா வெள்ளையா இருக்கு." அந்தக் கடைசி வாக்கியம் கேட்டதும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாம்பை இங்கே கொண்டுவர வேண்டாம், நானே வருகிறேன் என்று போனேன். குட்டியைத் தூக்கித் தாடையின் கீழே வெளிச்சம் அடித்ததும், அந்தப் பள்ளத்தில் வரிசையாகக் கசகசா அளவில் கறுப்பாக உட்கார்ந்திருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று மெதுவாக நகர்ந்து செதிலுக்கு அடியில் போனது. ஈர டிஷ்யூவால் கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பாகத் துடைத்துக் காட்டினேன். வெள்ளைத் தாளில் புள்ளிகள், அதில் ஒன்றை விரலால் நசுக்கினால் செந்நிறக் கோடு. அது பாம்பின் இரத்தம். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. செதில்மேல் பவுடர் என்று அவன் நினைத்தது அவற்றின் கழிவு. வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த உடுப்பையெல்லாம் நேராக வென்னீரில் முக்கிவிட்டுக் குளித்த பிறகுதான் பொம்மியின் அறைக்குள் போனேன்.

ஓஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். இதன் வாழ்க்கை தெரிந்தால்தான் ஏன் ஒருமுறை மருந்தடித்தால் போகாது என்பது விளங்கும். முட்டை, லார்வா, பிறகு இரண்டு இளம் பருவங்கள், பிறகு வளர்ந்த பூச்சி. இதில் முதல் இளம்பருவமும் வளர்ந்ததும் மட்டும்தான் இரத்தம் குடிக்கும், மற்ற பருவங்கள் பாம்பின்மேல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் 60 முதல் 80 முட்டை வரை இடும், அதையும் பாம்பின்மேல் இடாது. இரத்தம் குடித்துவிட்டு இறங்கி, மரப்பட்டை இடுக்கிலோ பெட்டி மூலையிலோ இருட்டும் ஈரமும் உள்ள இடத்தில் இடும். 25 டிகிரி சூட்டில் முட்டை வளர்ந்த பூச்சியாக 13 முதல் 19 நாள் போதும். நம் அறை பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருந்தால் அது மந்தமாகும் என்பது உண்மைதான், ஆனால் பாம்புக்காக நாம் பெட்டிக்குள் உண்டாக்குகிற சூடும் ஈரமும் அதற்கும் மிகவும் பிடித்த சூடும் ஈரமும். ஊரே குளிரில் நடுங்கினாலும் பெட்டிக்குள் அதற்கு வசந்த காலம்தான். குட்டிப் பாம்பாக இருந்தால் இரத்தம் குறைந்தே செத்துப்போகும். ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு நோய்க் கிருமிகளைக் கொண்டுபோகவும் செய்யும். மனிதரையும் சில சமயம் கடிக்கும், கையில் அரிக்கிற சின்னத் தடிப்பு வரும்.

இன்னொரு விஷயம், இதில் மலைக்காரர்கள் நிறையப் பேர் வீணாகப் பயப்படுகிறார்கள். நார்த்தூளைக் கிளறும்போது வெளுத்த, பழுப்பு வெள்ளையான குட்டிப் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் ஓடும், சில துள்ளும். இவை இரத்தம் குடிப்பவை அல்ல. மக்கும் நாரையும் பூஞ்சையையும் தின்பவை, துள்ளுவது ஸ்பிரிங்டெயில். பாம்பின்மேல் ஏறி உட்கார்ந்து செதிலுக்குள் தலையை விட்டிருக்காது. கறுப்பாக அல்லது கருஞ்சிவப்பாக, பாம்பின் உடம்பில், கண், தாடை, கழிவுத் துளை ஓரங்களில் இருந்தால்தான் பாம்புச் சிற்றுண்ணி. வெள்ளைப் பூச்சி அதிகமானால் அடித்தளம் அளவுக்கு மீறி ஈரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள், மருந்து வேண்டாம். சிற்றுண்ணியைவிடப் பெரிதாக, தட்டையாக, ஒரே இடத்தில் செதிலுக்கு நடுவே பதிந்திருந்தால் அது உண்ணி. காட்டுச் சாரையில் பார்த்திருப்பீர்கள், பிடித்துக் கடத்தி வந்த பாம்புகளிலும் அதுதான் முதலில் கண்ணில் படும். அதைத் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகினால் வாய்ப்பகுதி உள்ளே தங்கிப் புண்ணாகும்.

உறுதி செய்ய இரவில் ஒரு வேலை செய்யலாம். விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பெட்டியின் மேல் விளிம்பு, மூலை, பூட்டு இடுக்கு எல்லாம் பாருங்கள். அவை இருட்டில்தான் நடமாடும். விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கம் வாஸ்லைன் களிம்பை ஒரு கோடாகத் தடவி வைத்தால் தாண்ட முயல்பவை அதில் ஒட்டிக்கொள்ளும், காலையில் எண்ணிப் பார்க்கலாம்.

இருக்கிறது என்று தெரிந்தபின் முக்கால்வாசி வேலை பெட்டியில்தான், பாம்பில் கால்வாசி. நார்த்தூள், பாசி, மரப்பட்டை, கட்டை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றே வெளியேற்றுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள், நம் காட்டுப் பாம்புகளுக்கு அதைப் பரப்பும் உரிமை நமக்கு இல்லை. பெட்டியையும் கிண்ணத்தையும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காய வைத்து, வெறும் செய்தித்தாள் விரித்து, ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா மட்டும் வையுங்கள். தாளை அடிக்கடி மாற்றுங்கள். பாம்பை 28, 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் விடலாம், ஆழம் அதன் உடம்புப் பருமனுக்குமேல் வேண்டாம், பக்கத்திலேயே இருக்க வேண்டும். நிறையப் பூச்சி மூழ்கிச் சாகும், ஆனால் பாம்பு தலையை வெளியே வைத்திருப்பதால் மிச்சமிருப்பவை தலைக்கு ஏறிவிடும். தண்ணீர் மட்டும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். இதையெல்லாம் நான்கு முதல் ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும், கண்ணில் ஒன்றும் படவில்லை என்று நடுவில் நிறுத்தினால் ஒளித்து வைத்த முட்டைகள் பொரிந்து திரும்ப முதலிலிருந்து. வீட்டில் வேறு பாம்பு இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிற எந்தப் பாம்பையும் இரண்டு மூன்று மாதம் வேறு அறையில் வைத்து, அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

என்ன போடக் கூடாது என்பது இன்னும் முக்கியம். எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் நீலகிரித் தைலம்தான். மூட்டுவலி, தலைவலி, சளி எல்லாவற்றுக்கும் அத்தை அந்தப் பாட்டிலைத்தான் நீட்டுவார்கள். "கொஞ்சம் தைலம் தொட்டு வெச்சா ஓடிடும் கண்ணு" என்று பாம்புக்கும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் பாம்புக்கு அது ஆகாது. வாசனைத் தைலங்களின் ஆவி ஊர்வனவற்றின் நுரையீரலையும் தோலையும் எரிச்சலூட்டும், செதிலுக்கு அடியில் இறங்கினால் கழுவி எடுக்கவும் முடியாது. அதே காரணத்தால் மரமில்லில் இலவசமாகக் கிடைக்கிற பைன், சைப்ரஸ், கற்பூர மரச் சீவல் எதையும் அடியில் பரப்பாதீர்கள். ஃபினாயில் போட்டுப் பெட்டி கழுவக் கூடாது. தோட்டத்தில் தேயிலைச் செடியின் செஞ்சிலந்திக்கு அடிக்கிற மருந்து வீட்டில் மிச்சம் இருக்கும், இதுவும் சிலந்தி இனம்தானே என்று அதைக் கலக்கித் தெளிக்க ஒருவர் யோசனை கேட்டார். வேண்டவே வேண்டாம், பூச்சிக்கு முன் பாம்பு போய்விடும். நாய்க்கு உண்ணிக்குப் போடுகிற மருந்தையும் நீங்களாகவே ஊற்றாதீர்கள். ஃபிப்ரோனில் போன்றவற்றை ஊர்வன பார்க்கும் மருத்துவர்கள் துணியில் தொட்டு அளவோடு பயன்படுத்துவது உண்டு, அந்த அளவு பாம்பின் எடை, வயது, உடல்நிலை பார்த்து அவர்கள் சொல்ல வேண்டியது.

வயிற்றுப் புண்ணுக்கு வீட்டில் செய்யக்கூடியது மூன்று: ஈரத்தை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளுக்கு மாற்றுவது, சூட்டைச் சரியாக வைப்பது (குளிரில் பாம்பின் உடம்பு நோயோடு போராடாது), பெட்டாடினை வெளிர் பழுப்பாகும் அளவுக்குத் தண்ணீரில் நீர்த்து பஞ்சால் ஒற்றுவது. ஓரிரு செதில் பழுப்பாக மட்டும் இருக்கும்போதுதான் இது. கொப்புளம், சீழ், நாற்றம், மஞ்சளாகத் தடித்த பொருக்கு, இவற்றில் எது இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். பூஞ்சையா பாக்டீரியாவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது, சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மலையில் மாட்டுக்கும் நாய்க்கும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். பாம்பு பார்த்துப் பழகியவர் வேண்டுமென்றால் பெரும்பாலும் கோவைக்கு இறங்க வேண்டும், போகும் முன் போன் செய்து பாம்பு பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பருத்தித் துணிப் பையில் விட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைக் காற்றோட்டமுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். மேலே கோத்தகிரியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டி ஏறினால் கீழே மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும், பாம்புக்கும் அப்படித்தான். வண்டி ஏறும்போது வைத்த வென்னீர் பாட்டிலைக் கொண்டைஊசி வளைவுகள் பாதி தாண்டியதும் எடுத்துவிடுங்கள், வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். துடைத்த டிஷ்யூவையும் கடைசியாக உரித்த சட்டையையும் தனித்தனிக் கவரில் எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு உதவும். பெட்டியின் இரு பக்கச் சூடு, ஈரப்பதம், கடைசியாகத் தின்ற தேதி, எடை, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஆமை இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிற்றுண்ணிக்குப் பாம்புக்குக் கொடுக்கிற ஐவர்மெக்டின் ஆமையைக் கொன்றுவிடும், கையில் பட்ட மருந்தோடு ஆமைத் தொட்டியில் கை வைக்காமல் இருக்க வேண்டும்.